டூலா: பொருள், வேர், தமிழ்ச்சொல்

கருவுற்ற பெண்ணுக்குப் பேற்றுக்கு முன்பும், வலி தொடங்கியது முதல் குழந்தை பிறக்கும் வரையும், பிறந்த பின் சில வாரங்களும் துணை நிற்பவர் டூலா. உடலுக்கு இதமும் மனத்துக்குத் தெம்பும் தேவையான தகவலும் தருவது அவர் வேலை. பயிற்சி பெற்றவர்தான், ஆனால் மருத்துவப் பணி எதையும் செய்யமாட்டார். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதும், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதும், மருந்து கொடுப்பதும் மருத்துவச்சி, செவிலியர், மருத்துவர் ஆகியோரின் பொறுப்பு. இந்தக் கோடு அழியவே கூடாது. ‘ஒன்றுமில்லை, சரியாகிவிடும்’ என்று டூலா சொல்வதை நம்பி ஒரு தாய் மருத்துவமனைக்குக் கிளம்பத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. doula என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘டௌலா’ என்று சிலர் எழுதுகிறார்கள். சரியான ஒலிப்பு டூலா.

பண்டைக் கிரேக்கத்தில் இச்சொல்லின் மூலவடிவத்துக்கு அடிமைப்பெண் என்று பொருள். இன்றைய கிரேக்கத்திலும் அது வேலைக்காரியைக் குறிக்கும் இழிவான சொல்தான். அமெரிக்க மானுடவியலாளர் டானா ரஃபேல், 1973இல் வெளிவந்த தாய்ப்பாலூட்டல் குறித்த நூலில், புதுத்தாயைச் சூழ்ந்து நின்று உதவும் பெண்ணுக்கு இப்பெயரைக் கையாண்டார். பிரசவ அறைக்குள் இச்சொல் நிலைபெற்றது குழந்தை மருத்துவர்கள் ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பிறகு. கறுப்பினப் பெண்களுக்காக உழைக்கும் அமெரிக்கர் சிலர், அடிமைமுறையின் வடு இன்னும் ஆறாத நாட்டில் இந்தப் பெயர் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கென்னல் குழுவினர் ஹூஸ்டனில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், டூலா உடனிருந்த பெண்களில் 8 விழுக்காட்டினருக்கும், யாரும் இல்லாதவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் சிசேரியன் நடந்தது. இடையில் மூன்றாவதாக ஒரு பிரிவு: அறையில் ஒருவர் பேசாமல், தொடாமல், குறிப்பெடுத்துக்கொண்டு மட்டும் இருந்தார். அங்கே 13 விழுக்காடு. 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், தொடர்ந்து ஒருவர் உடனிருந்தால் சிசேரியன் ஏறத்தாழ கால்பங்கு குறைவதும், பிரசவ நேரம் சுமார் 40 நிமிடம் சுருங்குவதும் தெரிந்தது.

‘தொடர்ந்து’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தை தாயின் வயிற்றுப்பக்கம் முகம் வைத்திருந்தால், அதன் பின்மண்டை தாயின் முதுகெலும்பின் அடியை அழுத்தும். வலி முழுவதும் இடுப்பில் வந்து இறங்கும். டூலா உள்ளங்கையின் அடிப்பகுதியை அந்த இடத்தில் ஊன்றி, வலி ஏறத் தொடங்கியதும் அழுத்தி, தணியும்வரை எடுக்காமல் வைத்திருப்பார். ஒரு வலிக்கு ஒரு நிமிடம், சில நிமிடங்களில் அடுத்தது, இப்படியே மணிக்கணக்கில். நாலைந்து பேரை மாறி மாறிப் பார்க்கும் செவிலியரால் இது முடியாது. அவ்வப்போது எட்டிப்பார்த்துப் போவதையும் டூலா சேவை என்று கணக்கில் சேர்க்கும் ஆய்வுகளில் பலன் மங்கிப்போவது இதனால்தான். கூடவே இன்னொரு சிக்கல்: சொந்தக் காசில் டூலாவை அமர்த்திக்கொள்பவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்கள். அவர்களை மற்றவர்களோடு அப்படியே ஒப்பிட்டால், தெரியும் பலன் டூலாவால் வந்ததா வசதியால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

வசதியில்லாதவர்களுக்கும் இச்சேவை கிடைக்கவேண்டும் என்னும்போதுதான் ‘ஈக்விட்டி’ (equity) என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. இதைச் சமத்துவம் என்று பெயர்ப்பது போதாது. சமத்துவம் எல்லாருக்கும் ஒரே அளவு தருவது. இது குறை அதிகம் உள்ள இடத்துக்கு அதிகம் தருவது. சமநீதி என்ற சொல் பொருந்தும். அமெரிக்காவில் 2023இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேரும், வெள்ளையினத் தாய்மார் 14.5 பேரும் இறந்தார்கள். டூலா வந்தால் இந்த இடைவெளி மூடிவிடும் என்று எழுதுவது மிகை. மேற்சொன்ன சோதனைகள் அளந்தவை சிசேரியன், பிரசவ நேரம், தாயின் மனநிறைவு போன்றவற்றை. இறப்பு வீதத்தை அல்ல.

ஆனாலும் அமெரிக்காவில் கர்ப்பம் சார்ந்த இறப்புகளில் பாதிக்கு மேல் பிரசவமாகி ஒரு வாரத்துக்குப் பிறகு, ஓராண்டுக்குள் நிகழ்கின்றன. தாய் தன் வீட்டில் இருக்கும் அந்தக் காலத்தின் முதல் சில வாரங்களில் வந்து பார்க்கக்கூடியவர் டூலா. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் உதிரப்போக்கு, பார்வை மங்கலோடு விடாத தலைவலி, மூச்சுத்திணறல், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். தாய் சொல்வதை அங்கே அலட்சியப்படுத்தினால், அவரே மறுபடி கேட்கும்படி பக்கத்தில் நின்று துணிவு தருவதும் டூலாவின் வேலை. கலிபோர்னியாவில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு 2023 ஜனவரி முதல் இச்சேவைக்குப் பணம் தருகிறது. இப்படிப்பட்ட திட்டங்கள் சறுக்குவது ஊதியத்தில்தான். தொகை குறைந்து, கைக்கு வரத் தாமதமானால் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த டூலாக்களே முதலில் விலகுவார்கள். அந்தச் சமூகத்துத் தாய்மாருக்குத் தங்கள் மொழி பேசும் ஆள் இல்லாமல் போகும்.

தமிழுக்கு வருவோம். மருத்துவச்சி, தாதி, செவிலி மூன்றும் வேறு பணிகளைக் குறிப்பதால் பொருந்தா. பிரசவ உதவியாளர் என்றால் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவரோடு குழம்பும். துணைவி என்றால் மனைவி. பணிப்பெண் என்பது கிரேக்க அடிமைப்பொருளையே திரும்பக் கொண்டுவரும். பேற்றுத்துணை என்பதே என் தேர்வு. ஆளைக் குறிக்கப் பேற்றுத்துணையாளர். கணவரோ தாயோ உடனிருப்பதைப் பேறுகால உடனிருப்பு என்று தனியே சொல்லலாம், ஏனெனில் அவர்கள் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். கட்டுரையில் முதன்முறை வரும்போது ‘பேற்றுத்துணையாளர் எனப்படும் டூலா’ என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம்.