சலிப்பு விளம்பரத்தின் மேலா, ஓட்டின் மேலா?

தேர்தல் தேதி அறிவித்து இரண்டு மூன்று வாரம் ஆனதும், என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களின் பேச்சு மாறத் தொடங்கும். வந்த காரணம் வேறாக இருக்கும். தூக்கம் வரவில்லை, பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன், தலை பாரமாக இருக்கிறது என்பார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டால், "இந்த எலெக்ஷன் எப்பத்தான் மேடம் முடியும்?" என்று ஒரு கேள்வி வந்துவிடும். மதுரையில் உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு ஒவ்வொரு தேர்தலிலும் இது பழகிப்போன கேள்வி.

அதைக் கேட்கிறவர்கள் அரசியலில் அக்கறை இல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பவர்கள், வேட்பாளர் பெயரெல்லாம் தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் அதிகம் களைத்துப்போகிறார்கள். அவர்களுடைய ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒரு கட்சி வருகிறது. அது தெருவைத் தாண்டுவதற்குள் எதிரணியின் ஆட்டோ வந்துவிடுகிறது. தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வருகிறது. எடுத்தால் பதிவு செய்த தலைவரின் குரல். சமையல் வீடியோ பார்க்கப்போனால் அதற்கு முன்னால் கட்சிப் பாட்டு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஒரு ஃபார்வேர்டு போட, மச்சான் அதற்குப் பதில் போட, ராத்திரிக்குள் இரண்டு பேர் குரூப்பை விட்டே வெளியேறிவிடுகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

இவ்வளவையும் மூளை வெறும் சத்தமாக ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றும் 'என்னைக் கவனி, உடனே ஒரு பக்கம் சாய்' என்று கேட்கிறது. கோபம், பயம், பெருமை என்று ஏதாவது ஒரு உணர்ச்சியைத் தொட்டுத்தான் கேட்கிறது. நாளெல்லாம் இப்படித் தூண்டப்பட்ட மனம் ராத்திரி பத்து மணிக்குச் சட்டென்று அடங்காது. தூக்கம் கெடுவதற்கும், அற்ப விஷயத்துக்கு வீட்டில் சண்டை வருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

திரும்பத் திரும்பச் சொல்வதில் கட்சிகளுக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை? ஒன்றை அடிக்கடி பார்த்தாலே அதன் மேல் நமக்கு ஒரு பிடிப்பு வந்துவிடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968-இல் காட்டினார். சின்னத்தைச் சுவரிலும் துண்டிலும் விசிறியிலும் அச்சடிப்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். ஆனால் இந்த விளைவுக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பிடிப்பு குறைந்து எரிச்சலாகிவிடும். தேர்தல் காலத்தில் அந்த எல்லையை நாம் முதல் வாரத்திலேயே கடந்துவிடுகிறோம் என்பது என் கணிப்பு.

சரி, எரிச்சல் வந்துவிட்டால் விளம்பரம் நம்மைப் பாதிக்காது அல்லவா? இங்கேதான் நான் எல்லோரையும் எச்சரிக்க விரும்புகிறேன். 1977-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அது உண்மையோ பொய்யோ, உண்மை என்றே அதிகம் நம்பத் தொடங்கினார்கள் என்று காட்டியது. விஷயம் தெரிந்தவர்களுக்கும் இது நேர்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. களைத்த மனத்துக்குச் சரிபார்க்கத் தெம்பு இருக்காது. "எல்லாம் பொய்தான்" என்று சேனலை மாற்றுகிறவர், மறுநாள் டீக்கடையில் அந்தப் பொய்யையே தன் சொந்தக் கருத்தாகச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். வேட்பாளரைப் பற்றிய வதந்தி என்றால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இவ்வளவு கூச்சலும் ஓட்டை மாற்றுகிறதா என்று கேட்டால், 2018-இல் இரண்டு அமெரிக்க அரசியல் அறிவியலாளர்கள் 49 களப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, பொதுத் தேர்தலில் பிரசாரமும் விளம்பரமும் வாக்காளரின் தேர்வை மாற்றும் அளவு சராசரியாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எழுதினார்கள். அமெரிக்காவில் இரண்டே பெரிய கட்சிகள். நம் கூட்டணிக் கணக்குகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் அந்த முடிவு என்னை யோசிக்க வைத்தது. கொட்டும் பணத்துக்கு ஏற்ற பலன் யாருக்கும் கிடைக்காமலே, தெருவில் இருக்கும் எல்லோருடைய நிம்மதியும் செலவாகிறது. சட்டமன்றத் தொகுதியில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய், மக்களவைத் தொகுதியில் 95 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று 2022-இல் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களுக்கு வரம்பு வைத்தார்கள். கட்சிகள் செய்யும் செலவுக்கு வரம்பே வைக்கவில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது முதல் முறை ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகள். "யாரைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கு, எதுக்குப் போகணும்?" என்று கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் ஃபோனைச் சேர்ந்து பார்த்தோம். வந்தவற்றில் பாதிக்குமேல் ஒருவரை ஒருவர் திட்டும் துணுக்குகள். தன் தொகுதியில் யார் நிற்கிறார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு விளம்பரத்தையும் பார்த்து முடித்த பிறகும் தெரியவில்லை! அவள் வெறுத்தது இந்தக் கூச்சலை. ஆனால் கைவிடப் பார்த்தது ஓட்டை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. திட்டிப் பேசும் விளம்பரம் ஓட்டுச் சதவீதத்தைக் குறைக்கும் என்று 1990-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தபோது, மத்திய சென்னையில் சுமார் 54 சதவீதம்தான் விழுந்தது. முகவரி மாற்றம், பட்டியல் குளறுபடி என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கும். எல்லாவற்றையும் சலிப்பின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் என் எதிரே உட்கார்ந்து "நான் போகல மேடம்" என்கிறவர்களிடம் சலிப்பைத்தான் முதலில் கேட்கிறேன்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தேர்தலுக்கு நாளில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். காலையில் இருபது நிமிடம் நாளிதழ் படிப்பதாக இருந்தால் போதும். அந்த நேரத்துக்கு வெளியே வருவதைக் கூச்சப்படாமல் மூடுங்கள். குடும்ப குரூப்பை விட்டு வெளியேறினால் மனஸ்தாபம் வரும். ஒரு வாரத்துக்கு மியூட் செய்தால் யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் குரூப்ஸ் போய், 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிட்டால், உங்கள் ஃபோனில் எண் இல்லாதவர் உங்களைக் கட்சி குரூப்பில் சேர்க்க முடியாது. வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு விவாத நிகழ்ச்சி வேண்டாம். வீட்டில் வயதானவர் இருந்தால் இதை முக்கியமாகக் கவனியுங்கள், நாளெல்லாம் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

ஒதுக்கிய நேரத்தில் எதைப் படிப்பது? வேட்பாளரின் பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், படிப்பு, வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இன்னொன்று: குற்ற வழக்கு உள்ள வேட்பாளர், அந்த விவரத்தைப் பிரசாரக் காலத்தில் மூன்று முறை நாளிதழிலும் டிவியிலும் வெளியிட்டாக வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் வழியாக வந்தது இது. பெரும்பாலும் சின்ன எழுத்தில் வரும். மொத்தத் தேர்தல் விளம்பரங்களிலும் நான் தேடிப் படிக்கச் சொல்லும் ஒரே விளம்பரம் அதுதான்.

மைக் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். மீறினால் தேர்தல் ஆணையத்தின் புகார் வசதியான சிவிஜிலில் வீடியோ எடுத்து அனுப்பலாம், வாக்காளர் உதவி எண் 1950-க்கு ஃபோன் செய்யலாம். கட்சிக்காரர்களிடம் நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். கைக்குழந்தையோ படுத்த படுக்கையான நோயாளியோ இருக்கும் வீடு என்றால் கட்டாயம் புகார் செய்யுங்கள், அது உங்கள் உரிமை.

ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரத்தை நிறுத்தச் சொல்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. வாக்காளர் அமைதியாக யோசிக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. மைக் ஓய்ந்துவிடும். ஆனால் ஃபோனுக்குள் ஃபார்வேர்டுகள் ஓய்வதில்லை, கடைசி நேர வதந்திகள் வருவதும் அப்போதுதான். அந்த இரண்டு நாளும் டேட்டாவை முடிந்தவரை அணைத்து வையுங்கள். கணவன் மனைவியாக, அப்பா மகளாக, நம் தெருவுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் ஓட்டு வேறு வேறாக இருந்தாலும் தண்ணீர், சாக்கடை, பஸ் பற்றிய பேச்சு அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம், ஓட்டுப் போட்டதோடு இது முடிவதில்லை. 2024-இல் நாம் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டோம். எண்ணியது ஜூன் 4. அந்த ஆறு வாரத்துக்கு மேலான இடைவெளியில், யார் ஜெயிப்பார் என்ற பேச்சிலேயே தூக்கத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது, கணிப்புகளைப் பார்ப்பதால் பெட்டிக்குள் இருப்பது மாறாது. முடிவு வந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் தூக்கம் திரும்பவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, எரிச்சல் அடங்கவில்லை என்றால் அதைத் தேர்தலின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.