வெப்பக் கட்டுப்பாடு இருந்தால் மின்சிகரெட் பாதுகாப்பானதா?

சிகரெட், மின்சிகரெட் பழக்கத்தை விட நினைப்பவர்களிடம் பேசுவது, மருந்தாளுநரான என் வேலையில் ஒரு பகுதி. இளைஞர்கள் சிலர் இரண்டு கருவிகளின் விவரங்களைக் கைப்பேசியில் அருகருகே வைத்துக் காட்டுகிறார்கள். "அக்கா, இது 80 வாட், அது 200 வாட். ரெண்டுலயும் டெம்பரேச்சர் கண்ட்ரோல் இருக்கு. காயில் கருகாது. அப்ப உடம்புக்கு ஒன்னும் ஆகாதுதானே?" நிறையப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அதனால் அந்த எண்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

இந்தக் கருவிகள் பெரும்பாலானவற்றில் தனியாக வெப்பமானி கிடையாது. லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள்தான் காயில். அது சூடாகும்போது அதன் மின்தடை கூடும். எவ்வளவு கூடியது என்று பார்த்து, உள்ளே இருக்கும் சிப் வெப்பநிலையைக் கணக்குப் போடும். குறித்த அளவு வந்ததும் மின்சாரத்தைக் குறைக்கும். சரி, கணக்கு எங்கே தப்பும்? அறை வெப்பத்திலிருந்து 200 டிகிரி செல்சியசுக்குப் போனால் நிக்கல் கம்பியின் மின்தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். துருப்பிடிக்காத எஃகில் கூடுவது ஆறில் ஒரு பங்குதான். எஃகுக் காயிலைப் போட்டுவிட்டு, கம்பி எந்த உலோகம் என்று கருவிக்குச் சொல்லும் அமைப்பை நிக்கலிலேயே விட்டால், கம்பி தகதகவென்று காய்ந்தாலும் சிப் அதை உணராது. கணக்குக்கு அடிப்படையான, ஆறிய காயிலின் மின்தடையை அது ஆறுவதற்குள்ளேயே பதிவுசெய்தாலும் உண்மையான சூடு திரையில் காட்டுவதைவிட அதிகமாக இருக்கும். அதோடு, சிப்புக்குத் தெரிவது காயில் முழுவதின் சராசரி மட்டுமே. லிக்விடை உறிஞ்சிக் காயிலுக்குத் தரும் பஞ்சு ஓரிடத்தில் காய்ந்து, அங்கே மட்டும் சூடு எகிறினால் அது எண்ணில் வராது.

மின்சிகரெட்டில் ஊற்றும் திரவமான லிக்விடில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிப்பவை. சூடு ஏற ஏற இவை சிதைந்து, புற்றுநோயை உண்டாக்கும் ஃபார்மால்டிஹைடும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் அக்ரோலினும் உருவாகும். சூட்டை அடக்கினால் இவை குறையும் என்பது உண்மைதான். ஆனால் லிக்விடில் என்ன கலந்திருக்கிறது என்பதை வாட்டும், மின்தடையின் அளவான ஓமும் சொல்லாது. 5 சதவீத நிக்கோட்டின் என்றால் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 50 மில்லிகிராம். அது மூளையைப் பிடித்துக்கொள்ள 300 டிகிரி தேவையில்லை.

இப்போது என்னை அதிகம் பயமுறுத்துவது கேபாட் (Kpod) எனப்படும், போதைப்பொருள் கலந்த மின்சிகரெட் குப்பி. அதில் கலக்கப்படும் எட்டோமிடேட், மருத்துவமனையில் ஊசி வழியாகத் தரப்படும் மயக்க மருந்து. உடலுக்குத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பையே அது அடக்கிவிடும். 2025 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூரில் அது 'சி' பிரிவு போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. சாதாரண மின்சிகரெட்டையும் 2018 பிப்ரவரி 1 முதல் வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். எந்த வசதி உள்ள கருவியானாலும் சட்டம் ஒன்றுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கைப்பேசியில் இப்படி ஏதாவது பார்த்தால் உடனே சத்தம் போடாதீர்கள். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு தேவைப்படுகிறது என்று கேளுங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால் நிக்கோட்டின் பிடி இறுகிவிட்டது. மன உறுதி மட்டும் போதாமல் போகலாம். நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் பற்றி மருந்தாளுநரிடம் பேசலாம். 1800 438 2000 என்ற எண்ணில் புகைப்பழக்கத்தை விட உதவும் ஆலோசனை கிடைக்கும். தாமாக முன்வந்து அங்கோ மனநலக் கழகத்திலோ உதவி கேட்பவர்களுக்கு, மின்சிகரெட் பயன்படுத்தியதற்காக அபராதம் விதிப்பதில்லை.