மன்னிப்புக் கிடைத்தும் நிம்மதி கிடைக்காதவர்கள்

பாவத்தோடு போராடுவது சமய வாழ்வின் ஒரு பகுதி. அந்தப் போராட்டமே நோயாகிவிட்ட சிலரை, மருத்துவ உளவியலாளர் என்ற முறையில் தொடர்ந்து சந்திக்கிறேன். அவர்களில் பலர் என்னிடம் வருவதற்கு முன்பே பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ பலமுறை போய்வந்தவர்கள். சொல்ல வேண்டிய பாவத்தை முழுமையாகச் சொன்னோமா, மனம் வருந்தியது உண்மையான வருத்தம்தானா, பரிசுத்த ஆவிக்கு எதிராகத் தூஷணம் செய்துவிட்டோமா என்ற ஐயங்கள் அவர்களை உறங்க விடுவதில்லை. தொழுகைக்கு முன் உடலைக் கழுவித் தூய்மை செய்யும் ஒளுவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும் இஸ்லாமிய அன்பர்களிடமும் இதே தவிப்பைக் காண்கிறேன்.

மனநல மருத்துவம் இதை ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாகப் பார்க்கிறது. நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஓசிடி வருகிறது. சிலர் கையைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள், சிலர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இவர்கள் தம் மனச்சாட்சியைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரு கல்லூரி மாணவியைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். நற்கருணை வாங்கியதும் அப்பத்தின் துகள் கீழே விழுந்திருக்குமோ என்று தரையையே உற்றுப் பார்ப்பார். சிலுவையைப் பார்த்தால் ஆபாசமான ஒரு சொல் மனத்தில் எழும். அதை அழிக்க மன்றாட்டைத் தொடங்குவார், ஓர் எழுத்துப் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து சொல்வார். இரவில் "அம்மா, அது பாவமில்லையே?" என்று கேட்பார். "இல்லம்மா, தூங்கு" என்று தாய் சொன்னதும் சற்று நேரம் நிம்மதி. பிறகு, தான் கேட்டதை அம்மா சரியாகப் புரிந்துகொண்டாரா என்ற புதிய ஐயம். ஆறுதலாகச் சொன்ன பதிலே அடுத்த கேள்விக்குத் தீனியாகும் இந்தச் சுழலைத்தான் குடும்பத்தார் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

இது விசுவாசக் குறைவால் வருவது என்று யாரேனும் சொன்னால், இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் எனக்கு நினைவுக்கு வருவார். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, ஏற்கெனவே எழுதிவைத்து அறிக்கையிட்ட பாவங்களே திரும்ப வந்து அவரை வதைத்தன. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை அது போனது. தெளிவாகத் தெரியும் பாவங்களைத் தவிரப் பழையவற்றைச் சொல்ல வேண்டாம் என்று குருவானவர் கட்டளையிட்டும் பயனில்லை, ஏனெனில் இஞ்ஞாசியாருக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் அகுஸ்தீனார் மடத்தில் 1505-இல் சேர்ந்த, பின்னாளில் சீர்திருத்தச் சபைகளுக்கு வித்திட்ட மார்ட்டின் லூதரும் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து சலித்தவர். சமய வரலாற்றையே திருப்பிய இவ்விருவரிடமும் விசுவாசம் குறைவாக இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

சிகிச்சை உண்டு. அச்சம் தரும் எண்ணத்தை வரவிட்டு, அதை அழிக்கும் சடங்கை மட்டும் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குகிறோம். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரை தருவார், அதன் முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். இதற்காகப் பாவம் செய்யும்படி நாங்கள் யாரையும் கேட்பதில்லை. அந்த மாணவியின் விஷயத்தில், ஒரே குருவானவரிடம், குறித்த நாளில், ஒரே ஒரு முறை ஒப்புரவு, அதாவது பாவ அறிக்கை, என்று அவரது சம்மதத்தோடும் குருவானவரின் ஒத்துழைப்போடும் வகுத்துக்கொண்டோம். மன்னிப்புக் கிடைத்ததா என்பதை உறுதிசெய்யாமலேயே எழுந்து வீட்டுக்குப் போவதுதான் அவருக்கு இருந்த மிகக் கடினமான விசுவாசச் செயல் என்று நான் நம்புகிறேன். தாய்க்கும் அது எளிதாக இருக்கவில்லை. "அதுக்குப் பதில் சொல்ல மாட்டேம்மா, ஆனா பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லப் பழகிய பிறகே அந்த வீட்டின் இரவுகள் மாறத் தொடங்கின. கேட்ட பதிலைத் தராமல் இருக்கவும் அன்பு வேண்டும்.

உண்மையான குற்றவுணர்வு வேறு. ஒருவரை ஏமாற்றியவர் மன்னிப்புக் கேட்டு, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் மனச்சுமை குறையும். எத்தனை முறை அறிக்கையிட்டும் சுமை கூடிக்கொண்டே போனால் ஓசிடியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே பாவத்தை வாரந்தோறும் கொண்டுவரும் விசுவாசியைப் போதகர்களும் அருட்தந்தையரும் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாழவே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.