ஸ்ட்ரட் பார் வாங்கும் முன் டவரைப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி பழைய மிட்சுபிஷி லான்சர் செடியா கார் ஓட்டிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். பின் சீட்டில் ஒரு நீள அட்டைப்பெட்டி. உள்ளே சிவப்பு பெயின்ட் அடித்த ஸ்ட்ரட் பார், அதாவது பானட்டுக்கு அடியில் இடது, வலது டவர்களைக் குறுக்கே இணைக்கும் தண்டு. ஆன்லைனில் வாங்கியது. "அண்ணா, வால்பாறை ரோட்டுல வளைவுக்கு வளைவு முன்பக்கம் ஒரு மாதிரி அலையுதுங்கண்ணா. ஸ்டீயரிங்கைத் திருப்பினா வண்டி ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் திரும்புது. இதை மட்டும் மாட்டிக் குடுத்துருங்க, போதும்" என்றார்.

நான் பெட்டியைத் தொடவில்லை. பானட்டைத் திறந்து, ஒரு சின்ன எஃகு ஸ்கேலை எடுத்து, வலது டவரின் (ஷாக்கப்பின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தகட்டுக் கூடு) தலையில் வைத்தேன். ஸ்கேல் சப்பென்று உட்கார்ந்தது. இடது டவரில் வைத்தேன். சீசா பலகை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. தகடு நடுவில் மேல்நோக்கிப் புடைத்திருந்தது. தின்னர் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தால், ஒரு நட்டின் ஓரத்திலிருந்து மடிப்பை நோக்கி முடி மாதிரி ஒரு கோடு. விரிசல். ஏதோ ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கியதன் மிச்சம் அது.

அந்தத் தம்பி கேட்டபடி பாரை மாட்டியிருந்தால், அதன் தகடு சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அப்புறம் அந்த விரிசலை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

இதை எழுதக் காரணம் அதுதான். பார் என்ன பிராண்டு, என்ன கலர், என்ன விலை என்று கேட்டு வாரம் இரண்டு பேராவது வருகிறார்கள். அது போய் உட்காரப்போகும் டவர் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

முதலில் இந்த பார் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இன்று நம் ரோட்டில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் வகை. நாம் எல்லோரும் 'ஷாக்கப்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இதில் அந்த ஷாக்கப்புக்கு இரண்டு வேலை. குலுங்கலை அடக்குவது ஒன்று. சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்து நிற்கவைப்பது இன்னொன்று. கீழே லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) பிடித்துக்கொள்கிறது, மேலே டவர் பிடித்துக்கொள்கிறது. டவர் அசைந்தால் சக்கரத்தின் சாய்வே மாறும். அந்தச் சாய்வைத்தான் கேம்பர் என்கிறோம்.

எவ்வளவு மாறும்? லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டிலிருந்து டவர் தலைவரை ஏறக்குறைய 600 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டவர் 1 மி.மீ. அசைந்தால் கேம்பர் சுமார் 0.1 டிகிரி மாறும். அலைன்மென்ட் மெஷினில் பார்த்தால் சின்ன எண். ஆனால் வளைவின் நடுவில், டயர் எல்லையைத் தொடும் நேரத்தில், இப்படியும் அப்படியும் மாறிக்கொண்டே இருந்தால் கையில் தெரியும்.

டபுள் விஷ்போன் வைத்த கார்களில் கணக்கு வேறு. அங்கே சாய்வைத் தீர்மானிப்பது மேல் ஆர்மும் கீழ் ஆர்மும். மேல் ஆர்ம் டவரில் மாட்டியிராத வண்டியில், டவர் ஸ்பிரிங்கின் பாரத்தை மட்டும்தான் தாங்குகிறது. அந்த மாதிரி வண்டிக்கு டவர் பார் போட்டுப் பெரிய மாற்றம் எதிர்பார்க்கக் கூடாது. டுவிஸ்ட் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) வைத்த சின்ன கார்களின் பின்பக்கத்துக்கு மேலே பார் போடுவதும் இதே கதைதான். அங்கே சக்கரத்தின் சாய்வைப் பிடித்திருப்பது பீம், ஷாக்கப் இல்லை.

மேல் ஆர்ம் டவரிலேயே மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1960-களின் போர்டு மஸ்டாங் நல்ல பாடம். அதில் ஸ்பிரிங்கும் மேல் ஆர்மின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். மொத்த பாரமும் டவரில் இறங்க, வருடக்கணக்கில் ஓடிய வண்டிகளில் இரண்டு டவரும் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். இதற்கு இரண்டு மருந்து கண்டுபிடித்தார்கள். ஒன்று 'மான்டி கார்லோ பார்': இந்த டவரிலிருந்து அந்த டவருக்கு நேராக ஒரு தண்டு. இன்னொன்று 'எக்ஸ்போர்ட் பிரேஸ்': இரண்டு டவரையும் முன்கண்ணாடிக்குக் கீழே, இன்ஜின் அறையின் பின்சுவரோடு சேர்த்துக் கட்டும் ஒரே துண்டு. ஏற்றுமதி வண்டிகளுக்காக வந்ததால் அந்தப் பெயர். மஸ்டாங்கை வைத்தே உருவான 1965 ஷெல்பி ஜிடி350-இல் இரண்டுமே இருந்தன.

ஏன் இரண்டும்? டவர்கள் இரண்டு விதமாக அசையும். ஒன்றையொன்று நெருங்கலாம், விலகலாம். அல்லது இரண்டும் ஒரே பக்கமாகச் சேர்ந்தே சாயலாம், சதுரச் சட்டம் கோணிக்கொள்வது மாதிரி. நேர் தண்டு முதல் அசைவை மட்டுமே தடுக்கும். இரண்டும் சேர்ந்து சாயும்போது இடைத்தூரம் மாறுவதில்லை, அதனால் அந்தத் தண்டுக்கு அங்கே வேலையே இல்லை. அதைத் தடுக்க முக்கோணம் வேண்டும், அதாவது பின்சுவரில் ஒரு பிடிமானம். இன்று 'டூ பாயின்ட்', 'த்ரீ பாயின்ட்' என்று விற்கிறார்களே, அதன் அர்த்தம் இதுதான். த்ரீ பாயின்ட்டாக இருந்தாலும் மூன்றாவது கால் எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள். பின்சுவரின் மெல்லிய தகட்டில் இரண்டு ஸ்க்ரூ போட்டால் அது முக்கோணம் ஆகிவிடாது. பெட்டி மாதிரி மடித்த உறுதியான பகுதியில் பிடிக்க வேண்டும்.

செடியாவுக்கு வருகிறேன். திருவள்ளூர் தொழிற்சாலையில் உருவான வண்டி, நம் ஊர் ராலிகளில் மண்ணைக் கிளப்பிய வண்டி. அதனால் கோயம்புத்தூர்ப் பக்கம் இதன் மேல் ஒரு தனிப் பாசம். இதன் பெரியண்ணன் லான்சர் எவல்யூஷன், சுருக்கமாக 'எவோ'. அதன் 8, 9-ஆம் தலைமுறைகளில் முன் டவர் பார் கம்பெனியிலிருந்தே வந்தது. "எவோவுக்குப் போட்டது செடியாவுக்கும் உட்காரும்" என்று சொல்லித்தான் இந்தத் தம்பிக்கு விற்றிருக்கிறார்கள். ஓட்டைகள் பொருந்தலாம். ஆனால் எவோவில் இருப்பது டர்போ இன்ஜின், அதன் உயரமும் ஏர் பைப் போகும் பாதையும் வேறாக இருக்கலாம். பொருந்துமா என்பதை உங்கள் வண்டியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெட்டியைத் திறந்து பாரை மேசையில் வைத்து அவரிடமே காட்டினேன். முதலாவது, தண்டு. இன்ஜினைத் தாண்டுவதற்காக நடுவில் வில் மாதிரி வளைத்திருந்தார்கள். நேர் தண்டை இரண்டு முனையிலும் அழுத்தினால் அது எதிர்த்து நிற்கும். வளைந்த தண்டை அழுத்தினால் இன்னும் கொஞ்சம் வளையும், விட்டால் நிமிரும். வளைவு கூடக்கூட அது ஸ்பிரிங் வேலை செய்யும். வழி இருந்தால் நேர் தண்டுதான் வாங்க வேண்டும். வளைத்தே ஆக வேண்டும் என்றால் குழாய் பெரிதாக, தடிமனாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, தகடு. என்னைக் கேட்டால் பாரின் தரமே இதில்தான் இருக்கிறது. இந்தப் பாரில் டவரின் மேல் உட்காரும் தகடு இரண்டு மி.மீ. இருந்தால் அதிகம். அதுவும் முழு வட்டம் இல்லை, பிறை வடிவம். அதிலிருந்து காது மாதிரி ஒரு துண்டை மேலே மடித்து, அந்தக் காதில் ஒரே ஒரு போல்ட்டால் தண்டைக் கோத்திருந்தார்கள். டவர் தள்ளும் விசை முதலில் இந்தக் காதை மடக்கும். தண்டு எவ்வளவு தடியாக இருந்தும் என்ன பயன்? அதோடு போல்ட் ஓட்டைகளை எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று நீளவாக்கில் வெட்டியிருந்தார்கள். அந்த இடைவெளியில் தகடு வழுக்கும். டவரை முழுதாகச் சுற்றிவரும் தடித்த தகடு, அளவான வட்ட ஓட்டைகள், தகட்டோடு சேர்த்து வெல்டிங் செய்த முனை, இவை இருந்தால் பெயின்ட் சுமாராக இருந்தாலும் வாங்கலாம்.

உலோகத்தைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அலுமினியம் எடை குறைவு, எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்குதான். ஒரே அளவுக் குழாயில் எஃகுதான் விறைப்பு. அலுமினியத்தில் வாங்கினால் குழாய் நன்றாகப் பருத்திருக்க வேண்டும். கார்பன் என்று வருபவற்றில் பாதி, சாதாரணக் குழாயின் மேல் ஒட்டிய உறை. உண்மையான கார்பனால் என்ன முடியும் என்பதற்கு 2014-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3, எம்4 உதாரணம்: அவற்றின் பிரேஸ் மொத்தமே 1.5 கிலோ. அது அந்த வண்டிக்கென்றே வடிவமைத்தது. நம் கைக்கு வருபவை அப்படி இல்லை.

இடைவெளி பார்ப்பதற்கு நான் குழந்தைகள் விளையாடும் களிமண் வைத்திருக்கிறேன். பாரின் மேல் நாலைந்து இடத்தில் உருண்டை உருண்டையாக ஒட்டி, பானட்டை மெதுவாக மூடித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் மிச்சமிருக்கும் இடைவெளி. பாருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலும் அப்படியே ஒட்டிவிட்டு, ஒரு ஆளை உட்காரவைத்து, பிரேக்கை மிதித்தபடி கிளச்சைக் கொஞ்சம் விடச் சொல்லிப் பாருங்கள். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் பழசாகியிருந்தால் இன்ஜின் எவ்வளவு துள்ளுகிறது என்று அதிர்ந்துபோவீர்கள். பானட்டுக்கு ஒட்டி நிற்கும் பாரை நான் மாட்டித் தருவதில்லை. நடந்து போகிறவர் மேல் வண்டி மோதினால், அவர் தலை விழும் இடம் பானட். அது அமுங்கிக்கொடுக்கத்தான் அடியில் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இரும்புத் தண்டை வைப்பது பாவம்.

மாட்டும் விஷயத்தில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டவரின் தலையில் சுற்றிலும் இருக்கும் நட்டுகள் வேறு, நடுவில் இருக்கும் பெரிய நட்டு வேறு. நடு நட்டுதான் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தெரியாமல் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும், உயிர் போகலாம். வீட்டில் தாங்களே மாட்ட நினைக்கும் பிள்ளைகள் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். சுற்று நட்டுகளைக் கழற்றும்போதும் நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையில் எல்லாவற்றையும் கழற்றினால் ஸ்ட்ரட் கீழே இறங்கிவிடும். தூக்கிய நிலையில் மாட்டினாலும் தப்புதான், டவர்களின் இடைத்தூரம் வேறாக இருக்கும். வண்டியை இறக்கியதும் பார் அந்த இழுவையைச் சுமந்துகொண்டே நிற்கும். பாரின் தகட்டுத் தடிமன் ஸ்டட்டின் (சுற்று நட்டுகள் இறங்கும் மரைத் தண்டு) மரையைத் தின்றுவிடும், அதையும் பாருங்கள். நட்டு முழுதாக இறங்கி, மேலே இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். முறுக்கத்தை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் வையுங்கள். சின்ன ஸ்டட், பலத்தைக் காட்டினால் அறுந்துவிடும். மாட்டிய பின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

சரி, பார் உங்கள் வண்டிக்குத் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாங்கள் செய்வது இதுதான். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு மெல்லிய அலுமினியக் குழாய். வெளி முனைகளை இரண்டு டவரின் ஸ்டட்டிலும் பிடித்துவிடுவோம். உள் குழாயின் மேல், வெளிக் குழாயின் வாயை ஒட்டி, இறுக்கமாக ஒரு ரப்பர் வளையம். வண்டியை நிதானமான வேகத்தில் வளைவுகளில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், டவர்கள் நெருங்கிய அளவுக்கு வளையம் தள்ளிப்போயிருக்கும். செலவு சில நூறு ரூபாய். புதிய வண்டிகள் பலவற்றில் வளையம் நகர்ந்ததா என்றே சந்தேகம் வரும். அங்கே டவரைப் பின்சுவரோடு சேர்த்தே உறுதியாகக் கட்டியிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம், அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள் என்று சொல்லிவிடுவேன். இரண்டும் சேர்ந்து சாய்வதை இந்தக் குழாய் காட்டாது. ஆனால் ஒரு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

தம்பியின் செடியாவுக்கு முதலில் டிங்கரிங் வேலை. புடைத்த தகட்டைப் படிய வைத்து, விரிசலின் முனையில் சின்ன ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, வெல்டிங் வைத்து, மேல் ஒரு வலுத் தகடும் சேர்த்தோம். இரண்டு பக்கமும் ஸ்ட்ரட்டின் மேல்முனையில் இருக்கும் டாப் மவுன்ட் ரப்பர் கிழிந்திருந்தது, மாற்றினோம். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் விரலால் தள்ளினாலே நகர்ந்தது, அதையும் மாற்றி அலைன்மென்ட் வைத்துக் கொடுத்தேன். சிவப்பு பாரை அவர் வாங்கின இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். வால்பாறை போய்வந்து போன் செய்தார். "அலையறது நின்னுடுச்சுங்கண்ணா. ஆனா இன்னும் கொஞ்சம் கூர்மையா இருந்தா நல்லாருக்கும்னு தோணுது."

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயையும் ரப்பர் வளையத்தையும் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஆழியாறு வரை போய்வருவதாக இருக்கிறோம். வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.