டேப்லெட் லேப்டாப் ஆகுமா? அடியில் இருக்கும் துளையைக் கேளுங்கள்

மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வுகளான எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வந்துவிட்டால் சுங்கை சிப்புட் டவுனில் கைப்பேசிக் கடைகளுக்கு நல்ல வியாபாரம். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். லேப்டாப் என்றால் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது, ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) டேப்லெட்டிலேயே படிப்பை ஓட்டிவிட முடியாதா? கடைக்காரர் திரையின் அளவைச் சொல்வார், ரேம் எவ்வளவு என்பார், கீபோர்டு கவரை இலவசமாகத் தருகிறேன் என்பார். டேப்லெட்டைத் திருப்பி அதன் விளிம்பில் இருக்கும் சின்னத் துளையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. வேகம் இன்று ஒரு தடையே இல்லை. 2020-இல் மேக்புக் ஏர் லேப்டாப்பில் வந்த அதே எம்1 சிப்பை அடுத்த ஆண்டே ஆப்பிள் ஐபேட் ப்ரோவுக்குள்ளும் வைத்தது. மூளை ஒன்றுதான், ஆனாலும் ஒன்று லேப்டாப், மற்றது டேப்லெட். வித்தியாசத்தில் ஒரு பங்கு மென்பொருளில் இருக்கிறது. இன்னொரு பங்கு வெளி உலகத்தோடு அது எத்தனை வழியில் பேசும் என்பதில் இருக்கிறது. லேப்டாப் பலவற்றுக்கு ஓரத்தில் நாலைந்து துளைகள், டேப்லெட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. சார்ஜ், பென்டிரைவ், புரொஜெக்டர் எல்லாம் அந்த ஒரே வழியாகத்தான் போக வேண்டும்.

இப்போது வரும் டேப்லெட்டுகளில் அந்தத் துளை பெரும்பாலும் யூஎஸ்பி-சி. இந்த வடிவம் 2014-இல் வெளியானது. அகலம் 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், உயரம் இரண்டரை மில்லிமீட்டர். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு தெரியும். அதன் மேல்பக்கம் 12, கீழ்பக்கம் 12 என்று மொத்தம் 24 உலோகத் தொடுமுனைகள். நான்கு மின்சாரம் கொண்டுவர, நான்கு அது திரும்பிப் போக. இன்னொரு நான்கு பழைய யூஎஸ்பி 2.0-க்கு. எட்டு முனைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு அதிவேக ஜோடிகள். மீதி நான்கில் இரண்டு துணை வேலைக்கு, கடைசி இரண்டுக்கு சிசி என்று பெயர்.

வயரை எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்வதற்கு இந்த சிசிதான் காரணம். மின்சாரத்தை வாங்கும் கருவி, தன் இரண்டு சிசி முனைகளிலும் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்திருக்கும். வயருக்குள் சிசிக்கு ஒரு கம்பிதான். ஆகவே எந்த முனையில் அந்தத் தடை தட்டுப்படுகிறது என்பதை வைத்து, எதிரில் ஆள் வந்துவிட்டது, வயர் இந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று சார்ஜர் கண்டுகொள்ளும். அதற்குப் பிறகே 5 வோல்ட்டைத் திறந்துவிடும். பால்மரம் சீவப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் மலிவு விலை லைட்டுகளில் சில, இரண்டு பக்கமும் சி முனை உள்ள வயரில் சார்ஜே ஏறாது. பழைய தட்டை முனை வயரில் மட்டும் ஏறும். லைட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள். பெரும்பாலும் கெட்டிருக்காது. சில காசு பெறாத அந்த மின்தடையைத் தயாரித்தவர் வைக்காமல் விட்டிருப்பார், அவ்வளவுதான்.

டேப்லெட்டுக்கு வருவோம். பழைய யூஎஸ்பி முறையில் யார் எஜமானோ, அதாவது தகவல் போக்குவரத்தை யார் நடத்துகிறாரோ, அவரே மின்சாரமும் கொடுக்க வேண்டும். டேப்லெட்டில் பென்டிரைவைச் செருகினால் டேப்லெட்தான் எஜமான், ஆகவே அதன் பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் போகும். ஆனால் ஒரு துளையைப் பல துளையாக்கும் ஹப் ஒன்றை மாட்டி பென்டிரைவையும் கீபோர்டையும் இணைத்துவிட்டு, அதே ஹப் வழியாகச் சார்ஜும் ஏற்ற வேண்டுமென்றால் என்ன செய்வது? தகவலுக்கு எஜமானாகவும் மின்சாரத்துக்கு வாங்குபவனாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். பவர் டெலிவரி என்னும் ஒப்பந்த முறை இந்த இரண்டு பாத்திரங்களையும் தனித்தனியாகப் பிரித்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ள விடுகிறது. சிசி கம்பி வழியாகவே இரண்டு பக்கமும் பேசி, 5, 9, 15, 20 வோல்ட்டில் எது, எத்தனை ஆம்பியர் என்று முடிவு செய்கின்றன. இந்தப் பேச்சு தெரியாத டேப்லெட்டில் சார்ஜா பென்டிரைவா, இரண்டில் ஒன்றுதான். அசைன்மென்ட் பாதியில் இருக்கும்போது பேட்டரி 9 சதவீதத்துக்கு இறங்கினால் இதன் அருமை புரியும்.

அடுத்தது படம். வகுப்பில் புரொஜெக்டரில் காட்ட வேண்டும், அல்லது வீட்டு டிவியைப் பெரிய திரையாக வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண ஃபுல் எச்டி திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் சொல்ல 24 பிட். நொடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டும். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட். யூஎஸ்பி 2.0 கம்பியில் போகக்கூடியது நொடிக்கு அதிகபட்சம் 48 கோடி. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே படம் அந்தக் கம்பியில் போவதில்லை. அதிவேக ஜோடிகளை யூஎஸ்பியிடமிருந்து வாங்கி டிஸ்ப்ளேபோர்ட் என்னும் திரை மொழிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நான்கு ஜோடியில் இரண்டைப் படத்துக்கும் இரண்டைத் தகவலுக்கும் வைக்கலாம். நான்கையும் படத்துக்கே கொடுத்தால் தகவல் பழைய 2.0 கம்பிக்கு இறங்கிவிடும். ஹப் பெட்டிகளில் ‘4கே 30 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பங்கீடுதான் காரணம்.

இந்த ஏற்பாடெல்லாம் எல்லா டேப்லெட்டிலும் இருக்கிறதா என்றால், இல்லை. தோட்டத்து லயத்தில் வாசல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே போனால்தான் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும். யூஎஸ்பி-சி துளையும் அப்படித்தான். மலிவு விலை டேப்லெட் பலவற்றில் 24 முனை வாசல் இருக்கும், அந்த அதிவேக எட்டுக்குப் பின்னால் ஒன்றுமே கட்டியிருக்காது. எச்டிஎம்ஐ அடாப்டரை மாட்டினால் டிவி கறுப்பாகவே இருக்கும். 10 ஜிபி வீடியோவை வெளி டிரைவுக்கு மாற்ற, நடைமுறை வேகத்தில், நாலைந்து நிமிடம் ஆகும். நொடிக்கு 500 கோடி பிட் போகும் துளையாக இருந்து, டிரைவும் வேகமானதாக இருந்தால் அரை நிமிடத்துக்குள் முடியும். நடுவாந்திரமும் உண்டு. 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் தகவல் வேகம் 2.0 அளவுதான், ஆனால் படம் வெளியே வரும். வந்தாலும் பெரும்பாலும் டேப்லெட் திரையின் நகலாகத்தான் வரும், இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டையோடு. இரண்டாவது திரையைத் தனியாக நடத்துவது எம் வகைச் சிப் உள்ள ஐபேடுகளுக்கே 2022-இல்தான் கிடைத்தது. சாம்சுங் 2017-இலிருந்து சில உயர்ரகக் கருவிகளில் டெக்ஸ் என்று கணினி போன்ற முகப்பு ஒன்றைக் கொடுத்துவருகிறது. என்னைக் கேட்டால், லேப்டாப் வேலைக்கு டேப்லெட்டில் ஓரளவு பக்கத்தில் வருவது அதுதான்.

இதெல்லாம் எதற்கு, வைஃபையில் அனுப்பினால் போயிற்று என்று கோலாலம்பூரில் இருப்பவர் சொல்லலாம். செம்பனைக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் வீட்டில் லைன் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகும்போது பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதுதான் நிச்சயம்.

சரி, நல்ல துளையுள்ள டேப்லெட்டாகவே வாங்கிவிட்டோம் என்று வையுங்கள். அப்போது எல்லாம் சரியாகிவிடுமா? செம்பனைக் குலை வாங்கும் எடைமேடைக்குப் பக்கத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மேசையைப் பாருங்கள். லோரி குலையோடு ஏறும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை. கழித்தால் குலையின் எடை. எடை காட்டும் பெட்டியின் பின்னால் இரண்டு பக்கமும் திருகு வைத்த 9 முனை இணைப்பான் இருக்கும். ஆர்எஸ்-232 என்னும் அந்த முறை 1960-இல் வந்தது. நொடிக்கு 9600 பிட் என்பது அதில் வழக்கமான வேகம். 48 கோடி போதவில்லை என்று மேலே புலம்பினோமே, அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு போதும் இதற்கு. ஆனால் டேப்லெட் தடுக்கி விழுவது இங்கேதான்.

காரணம், துளை வழியாக வருவதைப் புரிந்துகொள்ள உள்ளே டிரைவர் என்னும் சிறு மென்பொருள் வேண்டும். விண்டோசில், அந்த 9 முனையை யூஎஸ்பியோடு இணைக்கும் மாற்றுவயரைச் செருகி டிரைவரை ஒரு தடவை போட்டுவிட்டால், அது ஒரு காம் போர்ட்டாக, அதாவது பழைய 9 முனை இணைப்பாகவே, எல்லா மென்பொருளுக்கும் தெரியும். 15 வருடத்துக்கு முன் எழுதிய எடைக் கணக்கு மென்பொருளும் ஓடும். ஆண்ட்ராய்டில் 2011 முதல் செயலிகளுக்கு யூஎஸ்பி கருவியோடு நேரடியாகப் பேச அனுமதி உண்டு, ஆனால் அந்த மாற்றுவயரின் சிப்போடு பேசும் வித்தையைச் செயலியே தனக்குள் வைத்திருக்க வேண்டும். ஒரு செயலிக்குத் தெரிந்தது பக்கத்துச் செயலிக்குத் தெரியாது. ஐபேடில் நிலைமை இன்னும் இறுக்கம். வெளி டிரைவைக் கோப்புகளாகத் திறந்து பார்க்கும் வசதியே அதற்கு 2019-இல்தான் வந்தது. பழைய பிரிண்டர், கைரேகை வருகைப் பதிவுக் கருவி எல்லாவற்றிலும் இதே சிக்கல் வரலாம். கிராணிக்கு லேப்டாப்தான்.

மாணவர் கதை வேறு. பாடம் படிப்பது, பேனாவால் குறிப்பெடுப்பது, கட்டுரை தட்டச்சு செய்வது, ஸ்லைடு காட்டுவது, இவ்வளவுதான் வேலை என்றால் டேப்லெட் தாங்கும், மேலே சொன்ன துளை இருந்தால். பொறியியலோ கணக்கியலோ எடுப்பவர் அந்தத் துறையில் என்ன மென்பொருள் கேட்கிறார்கள் என்று சீனியர்களிடம் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. அது விண்டோசில் மட்டும் ஓடுவதாக இருந்தால் எந்தத் துளையும் காப்பாற்றாது.

வாங்குமுன் பெட்டியின் பின்னால் ‘யூஎஸ்பி-சி’ என்று இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அதற்குப் பக்கத்தில் மெதுவான 2.0 என்றிருக்கிறதா, அதிவேகமான 3.1 அல்லது 3.2 என்றிருக்கிறதா, டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வயரையும் சந்தேகப்படுங்கள். டேப்லெட்டோடு வரும் சார்ஜ் வயர் பலவற்றில் அதிவேக ஜோடிகளே இருக்காது, நல்ல டேப்லெட்டும் அந்த வயரில் மானிட்டருக்குப் படம் தராது. எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, யாரிடமாவது ஓர் எச்டிஎம்ஐ ஹப்பை இரவல் வாங்கி, ஒரு பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது. பெட்டியைப் பிரிக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னால், காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் எப்படியும் ஒரு டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.