கோழியின் கால் மூட்டைப் பார்த்து வாங்குங்கள்

கோழிக் கொட்டகைக்குள் போனதும் நான் முதலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். நின்றபடி பார்த்தால் பாதிதான் தெரியும். கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்தால்தான் அது எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது என்று புரியும். சில கொட்டகைகளில் அரை நிமிடத்திலேயே கண் எரிந்து தண்ணீர் வந்துவிடும். தரையில் பரப்பிய உமியில் எச்சமும் ஈரமும் சேர்ந்து ஊறும்போது கிளம்பும் அம்மோனியா அது. நான் எழுந்து வெளியே வந்துவிடலாம். கோழி எங்கே போகும்?

கால்நடை மருத்துவர் என்று தெரிந்ததும் பலர் கேட்பது, "கோழிக்கறி உடம்புக்குக் கெடுதலா டாக்டர்?" என்பதைத்தான். அந்தக் கோழி எப்படி வாழ்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அதையும் கேளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்திலேயே இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஹார்மோன் ஊசிதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதும், செறிவான தீவனமும்தான் காரணம். நெஞ்சுச் சதை ஏறும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. அதனால் கடைசி வாரங்களில் அது பெரும்பாலும் உட்கார்ந்தேதான் கிடக்கும். உட்காரும் இடம் ஈரமாக இருந்தால் மூட்டிலும் பாதத்திலும் தோல் வெந்துவிடும்.

அந்தப் புண் கறியிலும் தெரியும். தோலுரிக்காத காலை வாங்கும்போது, பாதம் வெட்டிய இடத்தை ஒட்டியுள்ள மூட்டைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ தழும்பு இருந்தால் அது ஈரத்தில் கிடந்த கோழி. நெஞ்சுக்கறியில் சதை நார் ஓடும் திசையிலேயே வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் அசுர வேகத்தில் வளர்ந்தது. தோலின் மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தீவனத்தை மாற்றினாலே அது வந்துவிடும்.

அப்புறம், பாக்கெட்டில் இருக்கும் வார்த்தைகள். 'கூண்டில் அடைக்காதது' என்பது முட்டைக்கோழிக்குப் பெரிய விஷயம். கறிக்கோழியைப் பெரும்பாலும் தரையில்தான் வளர்க்கிறார்கள், அதனால் அது எதையும் சொல்வதில்லை. எண் சொல்லும் லேபிளைத் தேடுங்கள்: எத்தனை நாள் வளர்ந்தது, ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிலோ கோழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு விதி 33 கிலோவை அடிப்படை வரம்பாக வைத்தது. கூடுதல் நிபந்தனைகளோடு 42 வரை போகலாம். 33 என்றாலே இரண்டு கிலோ கோழிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு ஏ4 தாள் அளவு இடம்தான். பிரான்சின் 'லேபிள் ரூஜ்' என்ற தர முத்திரை பெறும் கோழி குறைந்தது 81 நாள் வளர வேண்டும். மெதுவாக வளரும் இனமாக இருந்தால்தான் அது முடியும்.

லேபிளே இல்லையா? சரி, விற்பவரிடமே கேளுங்கள். எந்தப் பண்ணை, எத்தனை நாள் கோழி என்று. வாங்குபவர்கள் கேட்கக் கேட்கத்தான் பண்ணைக்காரர் காதுக்கு அது போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் கோழிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஈர உமியை அவ்வப்போது அள்ளி வெளியே போட ஆரம்பித்தார். அடுத்த முறை போனபோது வழக்கம்போலக் குத்துக்காலிட்டேன். கண் எரியவில்லை. எதிரே ஒரு கோழி காய்ந்த உமியில் புரண்டு, சிறகை விரித்து, தன்மேல் தூசியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.