விதைப்பையில் அச்சிட்ட மண்டல எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

மாதவரத்தில் நாற்றங்கால் நடத்தும் என்னிடம் இரண்டு வகையான வாடிக்கையாளர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். கொளத்தூரிலும் பெரம்பூரிலும் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள், இணையத்தில் வாங்கிய லாவெண்டர், டுலிப், கென்டக்கி நீலப்புல் ஆகியவை முளைத்தும் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறார்கள். மினியாபொலிசிலோ டொராண்டோவிலோ இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் புறப்படும் பெற்றோர், அங்கே கொல்லையில் என்ன வைக்கலாம் என்று கேட்கிறார்கள். இரு தரப்பாரும் பையின் பின்புறத்தில் ‘மண்டலம் 3–7’ என்பது போல் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல் விட்டவர்கள், அல்லது பார்த்தும் தவறாகப் புரிந்துகொண்டவர்கள்.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1960இல் முதன்முதலாக வெளியிட்டு, 2023இல் மீண்டும் திருத்திய வரைபடத்திலிருந்து வருவது அந்த எண். ஓர் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையை எடுத்து, முப்பது ஆண்டுகளுக்குச் சராசரி கண்டு, 13 மண்டலங்களில் ஒன்றில் அந்த ஊரைச் சேர்க்கிறார்கள். 3ஆம் மண்டலத்தில் அந்தச் சராசரி −40 முதல் −34 செல்சியஸ் வரை. 5ஆம் மண்டலத்தில் −29 முதல் −23 வரை. 7ஆம் மண்டலத்தில் −18 முதல் −12 வரை. இந்தக் கணக்கில் சென்னை 13ஆம் மண்டலம், அதாவது பட்டியலின் கடைசி. மார்கழியில் நாம் மப்ளர் சுற்றிக்கொள்ளும் விடியற்காலையிலும் இங்கே 16 செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது.

‘அவ்வளவு குளிரையே தாங்கும் செடி நம் ஊரில் தாங்காதா?’ என்ற கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். தாங்காது. 3 என்பது அந்தச் செடி பிழைக்கும் குளிரின் எல்லை. 7 என்பது அதற்கு மேல் வெப்பமான ஊரில் அது செழிக்காது என்ற எச்சரிக்கை. டுலிப் கிழங்குக்கு 9 செல்சியசுக்குக் கீழே ஏறத்தாழ மூன்று மாதக் குளிர் கிடைத்தால்தான் பூந்தண்டு சரியாக நீளும். பியோனி, லைலாக் ஆகிய குளிர்நாட்டுப் பூச்செடிகளுக்கும் அதுபோன்ற குளிர்கால உறக்கம் வேண்டும். கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு முறை பூக்கவைக்கலாம். மறு ஆண்டு அது வெறும் இலையோடு நின்றுவிடும். நீலப்புல்லின் சிக்கல் வேறு. கோதுமை, நெல் போல அதுவும் சி3 எனப்படும் ஒளிச்சேர்க்கை முறை கொண்ட தாவரம் என்றாலும், நெல்லைப் போல வெப்பநாட்டுக்குப் பழகியதன்று. 15 முதல் 24 செல்சியஸ் வரையில் நன்றாக வளரும் அந்தப் புல், அதற்கு மேல் வெப்பம் ஏற ஏற, ஒளிச்சேர்க்கையில் சேர்த்ததில் பெரும்பகுதியைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடுகிறது. சூடான மண்ணில் வேர் சுருங்குகிறது, பிறகு பூஞ்சை வருகிறது.

மண்டல எண் கோடையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சியாட்டிலும் சான் அன்டோனியோவும் அந்த வரைபடத்தில் ஏறத்தாழ ஒரே எண்ணில் இருந்தாலும், இரண்டு ஊர்களின் கோடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தக் குறையைச் சரிசெய்ய, 30 செல்சியசைத் தாண்டும் நாட்களை எண்ணி, அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் 12 பிரிவுகள் கொண்ட வெப்ப வரைபடம் ஒன்றை வெளியிட்டது. ஆண்டில் 210 நாட்களுக்கு மேல் அப்படி இருந்தால் கடைசிப் பிரிவு, சென்னை அதில் ஐயமின்றி அடங்கும். கனடாவுக்குத் தனி வரைபடம் உண்டு. அது பனிப்போர்வை, காற்று, மழை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதால், டொராண்டோவுக்குச் செல்பவர்கள் பையில் இருப்பது எந்த நாட்டு எண் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, அங்கே புல்தரை போட நினைக்கும் பெற்றோருக்கு. 3 முதல் 6 வரையான மண்டலங்களில் நீலப்புல், நுண்ணிலை ஃபெஸ்க்யூ, ரைப்புல் ஆகியவற்றின் கலவையே பொருத்தமானது. ரைப்புல் ஒரு வாரத்தில் முளைத்து மண்ணைப் பிடிக்கும். நீலப்புல் மூன்று வாரம் வரை எடுத்துக்கொண்டு, பிறகு மண்ணடித் தண்டுகளால் இடைவெளிகளை நிரப்பும். ஃபெஸ்க்யூ நிழலைப் பார்த்துக்கொள்ளும். நம்மவர்கள் பெரும்பாலும் சித்திரையில் போய் இறங்கி உடனே விதைக்க ஆசைப்படுகிறார்கள், ஆனால் உகந்த காலம் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. அப்போது மண்ணில் கதகதப்பு மிச்சமிருக்கும், களைகள் அடங்கியிருக்கும். பனி உருகியபின் தரை முழுவதும் வைக்கோல் நிறமாக இருந்தால், கொத்திப்போடுவதற்கு முன் ஒரு குத்துப் புல்லை வேரோடு எடுத்து, இலையும் வேரும் கூடும் இடத்தை நகத்தால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, நசநசவென்று இருந்தால் மட்டும் மறுவிதைப்பு தேவை.

தொட்டியில் வைக்கும் பல்லாண்டுச் செடிகளுக்கு, அந்த ஊர் எண்ணைவிட இரண்டு எண் குறைவான மண்டலத்தைத் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் தொட்டி மண் நாலா பக்கமும் உறையும். முருங்கையும் கறிவேப்பிலையும் அங்கே வெளியில் குளிர்காலத்தைக் கடக்காது. வீட்டுக்குள் சன்னலோரம் வைத்துக் காப்பாற்றலாம். ஆனால் எலுமிச்சைக் குடும்பத்தை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், கறிவேப்பிலைச் செடியையும் பச்சை இலையையும் இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோக அனுமதியில்லை. விதைகளுக்குப் பயிர்நலச் சான்றிதழ் தேவை. வெளிநாட்டிலிருந்து இங்கே விதை தருவிப்பதற்கும் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணையின் கட்டுப்பாடுகள் உண்டு.

வடசென்னையில் செடியைக் கொல்வது குளிர் அன்று, உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவுசெய்துவரும் செய்தி. எண்ணூர், திருவொற்றியூரில் போர்த் தண்ணீர் விடுபவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே நான் பரிந்துரைப்பது கொரியன் புல், அல்லது அமெரிக்காவில் பெர்முடா என்று விற்கப்படும் நம் அருகம்புல். கடற்கரையை ஒட்டிய இடத்துக்குப் பாஸ்பாலம் என்ற புல். மூன்றும் சி4 என்ற, வெப்பத்துக்கு ஏற்ற ஒளிச்சேர்க்கை முறை கொண்டவை, 35 செல்சியசிலும் தளராதவை. (உப்பு நமக்கு மட்டுமான தலைவலி அன்று; சாலைப் பனியை உருக்க உப்புத் தூவும் ஊர்களில் தெருவோரப் புல் நம் புல்லைப் போலவே நுனி கருகும்.) மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் உரம் போடாதீர்கள், அது உப்பை இன்னும் கூட்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட்டு, சேமித்த மழைநீரோ குடிநீரோ கொண்டு வாரம் ஒரு முறை, வேருக்குக் கீழே உப்பு இறங்கும் வரை, நிறையப் பாய்ச்சுங்கள். மண்ணடியில் நீர் வடிய வழியில்லாத மாடித் தரையில் புல்லே வேண்டாம்.